தனியார் பல்கலைக்கழகங்களின் முழுக் கல்விக் கட்டணப் புலமைப்பரிசில்கள்: யாழ்ப்பாண மாணவரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெளிநாட்டுத் தனியார் பல்கலைக்கழகங்களுக்கு, குறிப்பாக அமெரிக்காவில் உள்ளவற்றுக்கு, விண்ணப்பிக்கும் யாழ்ப்பாண மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக உதவி வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஏறக்குறைய ஒரே கேள்விகளே என்னிடம் வருகின்றன. ஒருவருக்குச் சொன்ன பதில் அடுத்தவருக்கும் பயன்பட வேண்டும் என்பதற்காக அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

முழுக் கல்விக் கட்டணப் புலமைப்பரிசில் கிடைத்தால் எல்லாச் செலவும் அதற்குள் அடங்கிவிடுமா?

அடங்காது. கல்விக் கட்டணம் என்பது கற்பித்தலுக்காகப் பல்கலைக்கழகம் அறவிடும் தொகை மட்டுமே. விடுதி, உணவு, மருத்துவக் காப்புறுதி, புத்தகங்கள், விமானப் பயணம் ஆகியவை வேறு கணக்கில் வருபவை. அமெரிக்காவின் பெரிய தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஓராண்டுக் கல்விக் கட்டணம் இன்று 65,000 டொலரைத் தாண்டுகிறது. மற்றச் செலவுகளையும் சேர்த்தால் மொத்தத் தொகை 90,000 டொலரைத் தாண்டுகிறது. ஆகவே கல்விக் கட்டணம் முழுவதும் விலக்கப்பட்டாலும் ஆண்டுக்கு 20,000 டொலருக்குக் குறையாத தொகை குடும்பத்தின் தலையில் நிற்கும். ஒரு டொலரை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது ஆண்டுக்கு 60 இலட்சம் ரூபாய். நான்கு ஆண்டுகளுக்கு 2 கோடியே 40 இலட்சம். இந்தக் கணக்கைப் பெற்றோர் விண்ணப்பத்தின் முதல் நாளிலேயே கொப்பியில் எழுதிப் பார்க்க வேண்டும். அனுமதிக் கடிதம் வந்து வீட்டில் எல்லோரும் மகிழ்ந்த பின்பு இதைக் கண்டுபிடித்து அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெட்டுப்புள்ளி எவ்வளவு?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இங்கு புலமைப்பரிசில் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது ஐந்தாம் தரப் பரீட்சை. அதில் ஒரு புள்ளி கூடினால் உள்ளே, ஒரு புள்ளி குறைந்தால் வெளியே. பின்னர் உயர்தரத்திலும் இசட் புள்ளியே பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கிறது. பத்து வயதிலிருந்து பத்தொன்பது வயது வரை வெட்டுப்புள்ளியோடு வாழ்ந்த பிள்ளை, இதற்கும் ஒரு வெட்டுப்புள்ளி இருக்கும் என்று நினைப்பது இயல்பே.

ஆனால் இந்தப் போட்டியில் வெட்டுப்புள்ளி என்று ஒன்று இல்லை. மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்றவர்கள் உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் விண்ணப்பிக்கிறார்கள். நல்ல பெறுபேறு உங்கள் கோவையைத் திறக்க வைக்கும். திறந்தவர் அதைத் தொடர்ந்து வாசிப்பதற்கு வேறொன்று வேண்டும். தேர்வுக் குழுவில் இருப்பவர் கட்டுரையையும், ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களையும், பாடசாலைக்கு வெளியே நீங்கள் செய்தவற்றையும் ஒன்றாக வைத்து, இந்த மாணவர் எதைப் பற்றிச் சிந்திக்கிறார், யாரும் சொல்லாமல் எதைச் செய்திருக்கிறார், எங்கள் வளாகத்துக்கு வந்தால் என்ன செய்வார் என்றே பார்க்கிறார். எம் மாணவர்கள் பலர் இந்தப் போட்டியில் பின்னடைவது பெறுபேற்றினால் அன்று. தம்மைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுவதே பெரும்பாலும் காரணம்.

எந்தப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய புலமைப்பரிசில்கள் உள்ளன?

சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறேன். பொஸ்டன் பல்கலைக்கழகத்தின் ட்ரஸ்டி புலமைப்பரிசில், டெனசி மாநிலத்தின் நாஷ்வில் நகரிலுள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் கொர்னேலியஸ் வாண்டர்பில்ட் புலமைப்பரிசில், லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ட்ரஸ்டி புலமைப்பரிசில் ஆகியவை கல்விக் கட்டணம் முழுவதையும் ஏற்பவை. வெளிநாட்டு மாணவரும் இவற்றுக்குப் போட்டியிடலாம். சில இடங்களில் அனுமதி விண்ணப்பமே போதும். வேறு சில இடங்களில் புலமைப்பரிசிலுக்கெனத் தனி விண்ணப்பமும் கூடுதல் கட்டுரையும் அனுப்ப வேண்டும்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் போன்றவற்றில் திறமைப் புலமைப்பரிசில் உண்டா என்றும் கேட்கிறார்கள். இல்லை. ஐவி லீக் எனப்படும் எட்டுப் பல்கலைக்கழகங்களும் இளமாணிப் பட்டத்துக்குத் திறமை அடிப்படையில் பணம் கொடுப்பதில்லை. குடும்பத்தின் தேவையைப் பார்த்தே உதவுகின்றன.

அப்படியானால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைக்கு எது பொருத்தம்?

திறமைப் புலமைப்பரிசில், தேவை அடிப்படையிலான உதவி ஆகிய இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடின் ஆகியவை வெளிநாட்டு மாணவரையும் பணநிலை பாராமல் தெரிவு செய்து, அனுமதி பெற்றவரின் தேவை முழுவதையும் ஈடுசெய்வதாக அறிவித்துள்ளன. அங்கே இடம் கிடைத்தால், தந்தை தோட்டம் செய்பவராகவோ தாய் ஆசிரியையாகவோ இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அந்த உதவி, கல்விக் கட்டணத்தை மட்டும் ஏற்கும் திறமைப் புலமைப்பரிசிலைவிடப் பெரியதாக அமையக்கூடும். ஆனால் அனுமதி பெறுவது மிக மிகக் கடினம்.

மற்றப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் வெளிநாட்டு மாணவர் நிதியுதவி கேட்பது அனுமதித் தீர்மானத்தையே பாதிக்கலாம். அதற்குப் பயந்து, விண்ணப்பப் படிவத்தில் உதவி தேவையில்லை என்று குறித்துவிட்டு, இடம் கிடைத்த பின் கேட்கலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முதலில் கேட்காத வெளிநாட்டு மாணவர் பின்னர் கேட்க முடியாது என்ற விதி பல இடங்களில் இருக்கிறது.

உயர்தரப் பரீட்சையும் விண்ணப்பத் திகதியும் ஒன்றாக வருகின்றனவே, எப்படிச் சமாளிப்பது?

இலங்கைப் பாடத்திட்டத்தில் படிப்பவர்களுக்கு இதுவே பெரிய சிக்கல். கொமன் அப் எனப்படும் பொது விண்ணப்பத் தளம் ஓகஸ்ட் 1ஆம் திகதி திறக்கிறது. திறமைப் புலமைப்பரிசிலுக்கான இறுதித் திகதி தெற்குக் கலிபோர்னியாவில் நவம்பர் 1 ஆகவும், பொஸ்டனிலும் வாண்டர்பில்ட்டிலும் டிசம்பர் 1 ஆகவும் இருந்து வருகிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான திகதியைப் பல்கலைக்கழகத்தின் தளத்திலேயே பார்த்து உறுதி செய்யுங்கள். 2024ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சையோ நவம்பர் 25ஆம் திகதி தொடங்கி, இடையில் வெள்ளத்தால் தடைப்பட்டு, டிசம்பரில் முடிந்தது. பெறுபேறுகள் 2025 ஏப்ரல் இறுதியில் வந்தன. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மார்ச் இறுதிக்குள் முடிவைச் சொல்லி, மே 1ஆம் திகதிக்குள் பதிலை எதிர்பார்க்கின்றன. ஆகவே பரீட்சை எழுதும் ஆண்டிலேயே விண்ணப்பித்தால், பெறுபேறு இல்லாமல் தவணைப் புள்ளிகளையும் ஆசிரியரின் எதிர்பார்ப்பையும் வைத்தே போட்டியிட வேண்டியிருக்கும்.

பெரும்பாலானோருக்கு நான் சொல்வது, பெறுபேறு வந்த பின் அந்த ஆண்டின் ஓகஸ்டில் தொடங்கி விண்ணப்பியுங்கள் என்பதே. அதாவது 2024 நவம்பரில் எழுதியவர் 2025 இறுதியில் விண்ணப்பித்து 2026 ஓகஸ்டில் படிப்பைத் தொடங்குவார். ஓர் ஆண்டு வீணாகிறதே என்று பெற்றோர் கவலைப்படுகிறார்கள். அந்த ஆண்டில் பிள்ளை வேலை செய்யட்டும், சிறுவர்களுக்குப் படிப்பிக்கட்டும், ஏதாவது ஒன்றை ஆழமாகக் கற்கட்டும். குழு அதையும் வாசிக்கும்.

அதற்கிடையில் அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பதிவு செய்யலாமா?

மிகவும் கவனமாக முடிவெடுக்க வேண்டிய இடம் இது. முழுக் கட்டணப் புலமைப்பரிசில்களிற் பெரும்பாலானவை முதலாண்டில் சேரும் மாணவருக்கு மட்டுமே உரியவை. பாடசாலைக் கல்விக்குப் பின் வேறொரு பல்கலைக்கழகத்தில் முழுநேர மாணவராகப் பதிவு செய்து படிக்கத் தொடங்கினால், அவரை இடமாற்ற மாணவர் என்று வகைப்படுத்தும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அப்போது அந்தப் புலமைப்பரிசிலுக்கான தகுதியே போய்விடும். மறுபுறத்தில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ மொறட்டுவையிலோ இலவசமாகக் கிடைக்கும் ஓர் இடம், உறுதியில்லாத ஒன்றுக்காக எளிதில் விட்டுவிடக்கூடியதும் அன்று. விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகத்தின் அனுமதி அலுவலகத்துக்கு உங்கள் நிலையை மின்னஞ்சலில் விளக்கி, எழுத்தில் பதில் வாங்கிய பின்பே எந்தப் படிவத்திலும் கையெழுத்திடுங்கள். அவர்கள் பதில் எழுதுவார்கள்.

எஸ்.ஏ.டி. பரீட்சை கட்டாயமா?

எஸ்.ஏ.டி. என்பது அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்காக எழுதப்படும் ஆங்கில, கணிதப் பரீட்சை. அது கட்டாயமா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் வேறுபடும். கட்டாயமில்லாத இடத்திலும் நல்ல புள்ளி இருந்தால் அனுப்புங்கள். எம் பாடசாலைகளை அறியாத குழுவுக்கு அது ஓர் அளவுகோலாக உதவும். மொத்தம் 1600 புள்ளிகள். இத்தகைய புலமைப்பரிசில்களுக்குப் போட்டியிடுபவர்களிற் பலர் 1500க்கு மேல் பெற்றவர்கள். இணைந்த கணிதம் படித்தவருக்குக் கணிதப் பகுதி கடினமாக இராது. தடுமாற்றம் ஆங்கில வாசிப்பில்தான் வரும், அதற்கு இரண்டு மாத ரியூசன் போதாது. தரம் 12இலிருந்தே நாள்தோறும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரைகளை வாசிப்பதைத் தவிர வேறு வழியை நான் கண்டதில்லை. ஆங்கில மொழித் திறனுக்கு ஐ.ஈ.எல்.ரி.எஸ்., டோஃபல், வீட்டிலிருந்தே எழுதக்கூடிய டுவோலிங்கோ ஆகியவற்றுள் பல்கலைக்கழகம் ஏற்பதைத் தெரிவு செய்யலாம்.

கட்டுரையில் எதை எழுதுவது?

பொது விண்ணப்பத்தின் முதன்மைக் கட்டுரை 650 ஆங்கிலச் சொற்களுக்கு மேற்போகக் கூடாது. என்னிடம் முதலில் கொண்டுவரப்படும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை ஒரே மாதிரித் தொடங்குகின்றன: சிறுவயது முதலே கல்வியில் மிகுந்த ஆர்வம் கொண்ட நான், போரால் பாதிக்கப்பட்ட என் சமூகத்துக்குச் சேவை செய்யும் இலட்சியத்துடன் வளர்ந்தேன் என்று. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்த வாக்கியத்தை எழுதிய பிள்ளையை இன்னொரு பிள்ளையிலிருந்து பிரித்தறிய முடியாது.

தீவகத்திலிருந்து வந்த ஒரு மாணவியின் முதற் கட்டுரையும் அப்படித்தான் இருந்தது. வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டேன். தண்ணீர் அள்ளுவேன் என்றார். பேச்சோடு பேச்சாக, அம்மா தேநீர் உவர்க்கிறது என்று சொல்லும் நாட்களை ஒரு கொப்பியில் குறித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். மறுவாரம் அந்தக் கொப்பியைக் கொண்டு வரச் செய்தேன். ஒற்றைக்கோட்டுக் கொப்பி, திகதி, மின்மோட்டர் ஓடிய நேரம், மழை பெய்ததா என்ற குறிப்பு, பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து இரவல் வாங்கிய மானியால் அளந்த உவர்த்தன்மை, எல்லாம் நிரல் நிரலாக எழுதப்பட்டிருந்தன. ஓரங்களில் தண்ணீர் பட்டு மை கரைந்திருந்தது. மோட்டரால் நெடுநேரம் இறைத்த மறுநாள் உவர் ஏறுவதையும், வாளியால் அள்ளிய வாரத்தில் அது குறைவதையும் பதினேழு வயதில் அவர் தாமாகவே கண்டிருந்தார். சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது, வேகமாக இறைத்தால் கீழுள்ள உவர் மேலே வருகிறது என்ற காரணத்தைப் பின்னர் படித்து அறிந்திருக்கிறார். இதை ஏன் எழுதவில்லை என்று கேட்டபோது, அது வீட்டு வேலைதானே சேர் என்றார்.

அந்தக் கொப்பியே அவரது கட்டுரை ஆயிற்று. நேர்முகத்துக்கு அழைத்தவர்கள் இருபது நிமிடங்கள் கிணற்றைப் பற்றியே கேட்டார்களாம்.

போரைப் பற்றியோ இடப்பெயர்வைப் பற்றியோ எழுதக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். அது உங்கள் வாழ்க்கையாக இருந்தால் எழுதுங்கள். 2009இல் கைக்குழந்தையாக இருந்த ஒருவர் அல்லது அதன் பின் பிறந்த ஒருவர், பெற்றோரின் துயரத்தைத் தம் துயரமாக எழுதும்போது வாசிப்பவருக்கு அந்த இடைவெளி தெரிந்துவிடும். அந்தத் துயரம் இன்று உங்கள் வீட்டில் எந்த வடிவில் இருக்கிறது என்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள், அதை எழுதலாம்.

சான்றிதழ்கள் அதிகம் இருந்தால் வாய்ப்புக் கூடுமா?

கூடாது. பொது விண்ணப்பத்தில் பத்துச் செயற்பாடுகளுக்கே இடம் உண்டு. ஒவ்வொன்றையும் விபரிக்க 150 எழுத்துகள் மட்டுமே. தமிழ்த் தினப் போட்டியில் அகில இலங்கை மட்டத்தில் பெற்ற இடமும் கணித ஒலிம்பியாட் பதக்கமும் மதிப்புள்ளவை, அவற்றைக் குறிப்பிடுங்கள். குடும்பப் பொறுப்புகள் என்றொரு வகையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை எம் மாணவர் பலர் அறியார். பாட்டியைப் பராமரிப்பது, கடையில் கணக்கு எழுதுவது, தம்பி தங்கையரைப் படிப்பிப்பது ஆகியவற்றை அங்கே மணிக்கணக்கோடு எழுதலாம், எழுதவும் வேண்டும்.

ஆசிரியரிடம் எப்படிக் கடிதம் கேட்பது?

எங்கள் ஆசிரியர்கள் நற்சான்றுப் பத்திரம் எழுதிப் பழகியவர்கள். ஒழுக்கமான, கீழ்ப்படிவான மாணவர், இவரது எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன் என்று மூன்று வரிகளில் முடித்துவிடுவார்கள். அன்போடு எழுதப்பட்டதாயினும் இந்தப் போட்டியில் அக்கடிதம் உதவாது. உங்களை நன்கு அறிந்த ஆசிரியரைக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே சந்தித்து, வகுப்பில் நடந்த இரண்டு மூன்று சம்பவங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து நினைவூட்டுங்கள். எந்தக் கேள்வியைக் கேட்டீர்கள், எந்தக் கணக்கை வேறு வழியில் செய்தீர்கள், யாருக்கு உதவினீர்கள் என்பவை கடிதத்துக்குள் வர வேண்டும். கடிதத்தை ஆசிரியரே தமது மின்னஞ்சல் வழியாகப் பதிவேற்ற வேண்டும் என்பதால், அதைப் பொறுமையாக விளக்கிச் சொல்லுங்கள்.

பாடசாலையிலிருந்து தவணைத் தேர்ச்சி அறிக்கைகளையும் முன்கூட்டியே பெற்றுவிடுங்கள். என்னிடம் வந்த ஒரு மாணவனின் நான்கு ஆண்டுப் புள்ளிகளைத் தேடி எடுத்து, ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்து, அதிபரின் முத்திரையோடு கொடுக்கப் பாடசாலை அலுவலகத்துக்கு ஐந்து வாரங்கள் சென்றன. கையில் கிடைத்த நாளுக்கு முதல் நாளே இறுதித் திகதி கடந்துவிட்டது. அவன் மீண்டும் முயலவில்லை. அந்த இழப்பு இன்றும் என்னை வருத்துகிறது.

முகவரிடம் பணம் கொடுத்து விண்ணப்பிக்கலாமா?

வேண்டாம். புலமைப்பரிசில் பெற்றுத் தருவதாக உறுதி கூறும் எவரும் தம் கையில் இல்லாத ஒன்றை விற்கிறார். கட்டுரையைப் பிறர் எழுதிக் கொடுத்தது தெரியவந்தால் அனுமதியே இரத்தாகலாம். கணினிச் செயலியைக் கொண்டு எழுதுவித்தாலும் அப்படித்தான். கொழும்பிலுள்ள அமெரிக்க - இலங்கை புல்பிரைட் ஆணைக்குழு மாணவருக்கு ஆலோசனை வழங்குகிறது. விண்ணப்பக் கட்டணம் செலுத்த இயலாதவர்கள் விலக்குக் கேட்கலாம். அதைக் கேட்பதால் எந்தக் குறைவும் ஏற்படாது.

மீதிப் பணத்துக்கு என்ன செய்வது? விசாவுக்கு எவ்வளவு காட்ட வேண்டும்?

அனுமதி கிடைத்ததும் விசாவுக்குத் தேவையான ஐ-20 என்னும் படிவத்தைப் பல்கலைக்கழகம் வழங்கும். அதற்கு முன், புலமைப்பரிசில் போக மீதமுள்ள முதலாண்டுச் செலவுக்கான ஆதாரத்தை வங்கிக் கூற்றோடு காட்ட வேண்டும். லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் மாமாவோ சித்தியோ பொறுப்பேற்பதாக எழுதிக் கொடுக்கலாம். அப்படிக் கேட்பதற்கு முன் நான்கு ஆண்டுக் கணக்கையும் அவர்கள் முன் வையுங்கள். முதலாண்டுப் பணத்தை மட்டும் கேட்டுப் பெற்றுவிட்டு, இரண்டாம் ஆண்டில் உறவு கசந்து படிப்பு இடையில் நின்ற நிகழ்வுகள் உண்டு. பழைய மாணவர் சங்கங்களிடமும் தயங்காமல் கேளுங்கள்.

எப்-1 எனப்படும் மாணவர் விசாவில் செல்பவர் தவணைக் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். அது கைச்செலவுக்கு உதவும், விடுதிச் செலவுக்குப் போதாது. வரியையும் மறவாதீர்கள்: பட்டப்படிப்பு மாணவரின் கல்விக் கட்டணத்துக்கான புலமைப்பரிசிலுக்கு அமெரிக்காவில் வரி இல்லை, ஆனால் விடுதிக்கும் உணவுக்குமாகப் புலமைப்பரிசில் கிடைத்தால் அந்தப் பகுதிக்கு வரி உண்டு, எப்-1 மாணவரிடம் வழக்கமாக 14 சதவீதம் பிடிக்கப்படுகிறது.

கிடைத்த புலமைப்பரிசில் நான்கு ஆண்டுகளும் தொடருமா?

நிபந்தனைகளோடு தொடரும். பொதுவாக எட்டுத் தவணைகளுக்கு வழங்கப்படும், முழுநேர மாணவராக இருக்க வேண்டும், 4.0ஐ உச்சமாகக் கொண்ட அளவில் குறைந்தது 3.0 போன்ற ஒரு புள்ளிச் சராசரியைப் பேண வேண்டும், சில இடங்களில் அதைவிட உயர்வாகவும் கேட்பார்கள். முதல் தவணையில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்டுப் பழகும் வரை கடினமான பாடங்களை ஒன்றாக எடுக்க வேண்டாம்.

இலங்கையிலுள்ள தனியார் நிறுவனங்களின் புலமைப்பரிசில்கள் பற்றி?

சில நிறுவனங்கள் உயர்தரப் பெறுபேற்றை அடிப்படையாகக் கொண்டு கட்டணத்தின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ விலக்குகின்றன. வீட்டிலிருந்து படிக்க முடிந்தால் வாழ்க்கைச் செலவு குறைவு என்பது பெரிய நன்மை. சேருமுன், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தப் பட்டத்தை வழங்க நிறுவனம் அங்கீகரிக்கப்பட்டுள்ளதா என்பதையும், விலக்கு முதலாண்டுக்கு மட்டுமா முழுக் காலத்துக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

என் பிள்ளை இப்போது தரம் 12இல் படிக்கிறார். இந்த மாதம் என்ன செய்ய வேண்டும்?

மூன்று வேலைகள். பாடசாலை அலுவலகத்தில் கடந்த ஆண்டுகளின் தேர்ச்சி அறிக்கைப் பிரதிகளுக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். கடவுச்சீட்டிலும் பிறப்புச் சான்றிதழிலும் சாதாரணதரச் சான்றிதழிலும் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒன்றாக உள்ளனவா என்று பாருங்கள். தந்தையின் பெயரை முன்னால் வைப்பதாலும் ஓர் எழுத்துக் கூடிக் குறைவதாலும் எங்கள் பிள்ளைகளின் பத்திரங்கள் அடிக்கடி முரண்படுகின்றன, திருத்துவதற்கு மாதங்கள் ஆகும். மூன்றாவதாக, பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு முறை, யாரும் சொல்லாமல் தானாகச் செய்த ஒன்றைத் திகதியோடு எழுதி வைக்கச் சொல்லுங்கள். அதை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம்.